வண்டும் அவருடைய அக்காவும்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவரை எல்லோரும் ‘வண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம் ஆகாதவர். அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை. சாப்பாடு கீழே, அக்கா கையால். பட்டப்பெயர் வைத்தது அக்காவின் கணவர். பஸ் டிரைவர். வாசலிலேயே ஹாரன் அடிப்பதுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிற மனிதர்.

பூச்சிகளை ஆராய்கிற ஓர் அம்மாள் ஒருநாள் ஒடிந்த மூக்குக்கண்ணாடி பிரேமை மாற்றக் கடைக்கு வந்தார். அவர் மேசைமேல் வைத்த பாட்டிலில், கட்டைவிரல் நகமளவு ஒரு நீர்வண்டு. கறுப்பு முதுகு, ஓரத்தில் மஞ்சள் கரை. அது தலைகீழாக மேலே வந்து, பின்பக்கத்தைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, இறக்கைக்கு அடியில் காற்றை வாங்கிக்கொண்டு மறுபடி முங்கியது. இவர் தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டார்.

“எங்கம்மா புடிச்சீங்க?”

“சூளைக்குப் பின்னாடி இருக்கற குட்டையில. சுத்துவட்டாரத்துல வேற எங்க தேடியும் கிடைக்கல.”

மூடிக்கிடந்த அந்தச் செங்கல் சூளை இவர் தெருக்கோடியில்தான் இருந்தது. அன்றிலிருந்து லீவு நாளெல்லாம் அங்கேயே கிடந்தார். இடிந்த கட்டடக் குப்பையைக் கொட்ட வந்த வண்டிகளைக் கெஞ்சிக் கூத்தாடித் திருப்பி அனுப்பினார். வெயில் விழ, கரைப் புதரை வெட்டினார். கொசு எண்ணெய் ஊற்ற வந்த ஆட்களை, அந்த அம்மாளைப் போனில் பேசவைத்துத் தடுத்தார். எண்ணெய் மூடிவிட்டால் வண்டு மூச்சு வாங்க வழியில்லை.

“அவனவன் பொண்ணு பாக்கப் போறான், என் மச்சான் குட்டையப் பாக்கப் போறான்” என்று மாமா தெருவுக்கே கேட்கச் சிரிப்பார்.

மழைக்காலத்தில் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. கஷாயம், மாத்திரை என்று வீட்டிலேயே இழுத்தடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கொசுக்காய்ச்சல் என்றார் டாக்டர். மாமா உயிரோடு திரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, வந்தவர்களுக்குக் கைகழுவத் தண்ணீர் எடுக்க வண்டு கொல்லைப்பக்கம் போனார். குழாயில் தண்ணீர் வராத நாளுக்கென்று அக்கா நிரப்பி வைக்கும் நீல டிரம். மூடியைக் காணோம். தெளிந்த தண்ணீரில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. இந்தக் காய்ச்சல் கொசு வீட்டில் பிடித்துவைக்கும் நல்ல தண்ணீரில்தான் வளரும் என்று அந்த அம்மாள் எப்போதோ சொல்லியிருந்தார். யாரும் பார்ப்பதற்குள் டிரம்மைக் கவிழ்த்தார். தேங்காய் நாரால் உள்ளே அழுத்தித் தேய்த்தார்.

சில நாட்களில் சுகாதார ஆய்வாளர் வந்தார். தெருவே திரண்டு நின்றது. எல்லோருக்கும் முன்னால் அக்கா.

“அந்தக் குட்டைதான் சார் என் புருஷனைக் கொன்னுச்சு. எண்ணெய் ஊத்த வந்தப்ப இவன்தான் ஊத்த விடல. கூடப்பொறந்தவன்!”

ஆய்வாளர் நிதானமானவர். “அம்மா, இது வீட்டுத் தண்ணியில வர்ற கொசு. நீங்க தண்ணிய எதுல புடிச்சு வைப்பீங்க?”

“டிரம்ல.”

“மூடி வைப்பீங்களா?”

அக்கா மெல்லத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் வடிந்து வேறென்னவோ ஏறிக்கொண்டிருந்தது.

“அதுல புழு ஏதாச்சும் இருந்துச்சா?” என்று கேட்டார் ஆய்வாளர்.

“இல்ல சார்” என்றார் வண்டு. “நான்தான் கழுவினேன். சுத்தமா இருந்துச்சு.”

“அப்புறம் என்ன? குட்டைதான்!” என்றது கூட்டம். அதற்குமேல் ஆய்வாளரால் எதிர்த்து நிற்க முடியவில்லை. மறுநாள் காலையில் ஆட்கள் எண்ணெயோடு வந்தார்கள். வண்டு வேலைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் வந்து பார்த்தபோது தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தது. கரையோரம் மஞ்சள் கரை போட்ட உடல்கள் ஒதுங்கிக் கிடந்தன. ஒன்று மட்டும் இன்னும் பின்பக்கத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. எடுத்துச் சட்டைத் துணியில் துடைத்தார். உள்ளங்கையில் வைத்திருந்தபோதே அதன் கால்கள் ஓய்ந்தன.

அம்மாளுக்குப் போன் போட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

“ஒரு வார்த்தை உண்மையச் சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருக்கலாம்மா. அதுக்கப்புறம் எங்கக்கா எப்படி இருப்பா?”

“ஒண்ணு ரெண்டு பறந்து போயிருக்கலாம்” என்றார் அம்மாள் கடைசியில். அவர் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

அக்கா கொஞ்ச காலம் பேசவில்லை. சாப்பாட்டை மூடி மாடிப்படியில் வைத்துவிட்டுப் போவாள். பிறகு ஒருநாள் மேலே வந்து, “போனது போகட்டும்டா. நீயும் வேணும்னா செஞ்ச? கீழ வந்து சாப்பிடு” என்றாள். செய்யாத தப்புக்குக் கிடைத்த அந்த மன்னிப்பை அவர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். எழுந்துபோய் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இப்போதும் லீவு நாளில் அந்த அம்மாளும் அவரும் தூரத்துக் குட்டைகளில் வலைபோட்டுப் பார்க்கிறார்கள். பாசியும் தலைப்பிரட்டையும்தான் வருகின்றன.