ஏட்டய்யாவின் குரோஷா

அந்த வருஷம் குற்றாலத்துச் சீசனில் அருவிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போன என் வீட்டுக்காரர், பாறையில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டு வந்தார். தென்காசியில் போலீஸ் குடியிருப்பில் இருந்தோம். அவர் ஏட்டு. முறுக்கு மீசையும் அதட்டல் குரலுமாக நடமாடிய மனுஷன், மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலோடு ஆறு வாரம் கட்டிலில் கிடந்தார்.

நான் அப்போதுதான் சப் இன்ஸ்பெக்டர் வீட்டம்மாவிடம், கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷா பழகியிருந்தேன். பால் செம்புக்கு வட்டமாக ஒரு மூடி பின்னினேன். சுற்றுகள் ஒழுங்காக வந்தன. கடைசிக் கண்ணியை முதல் கண்ணியோடு சேர்த்து முடிச்சுப் போடும் இடம் மட்டும் மரு மாதிரி துருத்தி நின்றது.

"ஏட்டி, இங்கன என்ன வீங்கி நிக்குது?" என்றார் அவர்.

"சேர்க்குத இடம் அப்படித்தான் இருக்கும்."

"வட்டம்னா எங்க முடிச்சோம்னு தெரியக் கூடாதுல்லா?"

எனக்குக் கோபம். "அப்ப நீங்களே போடுங்க!" என்று அவர் மடியில் போட்டுவிட்டு உலையைப் பார்க்கப் போனேன்.

அவர் நிஜமாகவே போட்டார். உலக யுத்தக் காலம், நூல் கிடைப்பது அரிது. அதே நூலைப் பிரித்துப் பிரித்து நாலு நாள் மல்லுக்கட்டினார். யாராவது வந்தால் போர்வைக்குள் ஒளித்துக்கொள்வார். ஐந்தாம் நாள் மூடியை நீட்டினார். தடவித் தடவிப் பார்த்தேன், சேர்ந்த இடம் அகப்படவேயில்லை.

அந்த வாரமே சப் இன்ஸ்பெக்டர் வீட்டம்மா நலம் விசாரிக்க வந்தார். செம்பு மேலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தவர், "எப்படிம்மா சேர்த்தே? செஞ்சு காட்டு" என்றார். நான் ஊசியும் கையுமாக முழித்தேன்.

உள்ளிருந்து கனத்த குரல் வந்தது. "முடிச்சுப் போடப்படாதும்மா. நூலை வெட்டித் தையல் ஊசியில கோத்து, முதல் கண்ணியோட ரெண்டு இழைக்கும் அடியில விடணும். அப்புறம் கடைசிக் கண்ணியோட நடுவுலயே திருப்பி இறக்கணும். மத்த கண்ணி அளவுக்கு இழுத்தா அதுவே ஒரு கண்ணியா நிக்கும். மிச்ச நூலைப் பின்பக்கம் ஒளிச்சிரலாம்."

அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முக்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டார். என் வீட்டுக்காரர் மீசை வரைக்கும் சிவந்துபோனார்.

கால் தேறி ஸ்டேஷனுக்குப் போன முதல் நாளே சப் இன்ஸ்பெக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டாராம். என்ன குற்றமோ என்று விறைத்து நின்றிருக்கிறார். அதிகாரி கதவைச் சாத்திவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து கடைசிச் சுற்றைச் சேர்க்காமல் விட்ட ஒரு மூடியை எடுத்து, "சேர்க்குற விதம் வீட்ல மறந்துபோச்சாம், கேட்டுட்டு வரச் சொன்னா, ஏட்டு" என்றாராம்.

"சல்யூட் அடிச்சுட்டு உக்காந்து போட்டுக் குடுத்தேன்ட்டி" என்று வந்து சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அப்படிச் சிரித்தேன்.