உபதேசியார் ஜெபமும் சித்தப்பாவின் குழாயும்

எங்கள் சித்தப்பாவுக்கு எதையும் வாதாடாமல் ஒப்புக்கொள்ளத் தெரியாது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விஞ்ஞானக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. அவர் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண் பள்ளிக்கூட டீச்சர். அவளுடைய அப்பா சபை உபதேசியார். இருட்டறையில் பேய்வெளிச்சம் காட்டுகிறவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று உபதேசியாருக்குத் தயக்கம். அந்த வெளிச்சத்தை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியனுப்பினார்.

சித்தப்பா ஆடிப்போனார். அந்தப் பேய்வெளிச்சம் வந்தது, காற்றை உறிஞ்சியெடுத்த ஒரு கண்ணாடிக் குழாயிலிருந்து. உள்ளே ஒரு அலுமினியத் தகடு இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் கண்ணாடி பச்சையாக ஒளிரும். உபதேசியார் வருகிற அன்றைக்குப் பார்த்துக் குழாய் காலை வாரிவிடக் கூடாதென்று, அந்த வாரம் முழுக்கச் சாயங்காலந்தோறும் அதை ஒளிரவிட்டுப் பழகினார்.

உபதேசியார் கல்லூரிக்கே வந்தார். நானும் அம்மாவும் கூட இருந்தோம். சித்தப்பா ஜன்னல்களைச் சாத்தி மின்சாரத்தை விட்டார். குழாய் ஒளிரவில்லை.

“உள்ள என்னதான் வே இருக்கு?” என்றார் உபதேசியார்.

“ஒண்ணும் இல்ல, ஐயா. காத்தை எடுத்தாச்சு.”

“ஒண்ணுமில்லாததுல வெளிச்சம் எங்கன இருந்து வரும்? ஆண்டவர்கிட்ட கேப்போம். எல்லாரும் கண்ணை மூடுங்க.”

அவர் ஜெபம் தொடங்கினால் கொதிக்கிற கஞ்சி ஆறிப்போகும். நடுவில் நான் ஒரு கண்ணைத் திறந்தேன். சித்தப்பா சாராய விளக்கைப் பற்றவைத்துக் குழாயின் அடியில் பைய நகர்த்திக்கொண்டிருந்தார். ஜெபத்தில் கண்ணை மூடாதவருக்கு இனி எங்கே கல்யாணம் என்று நினைத்துக்கொண்டே நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். உபதேசியார் ஆமென் சொல்லவும் குழாய் பச்சையாக ஒளிரவும் சரியாக இருந்தது.

“பாத்தீரா வே!” என்றார் அவர். பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

குழாய் சங்கதி பின்னாளில் படித்தபோதுதான் தெரிந்தது. அடியோடு வெறுமையாகிவிட்டால் அது ஒளிராது. உள்ளே மிஞ்சியிருக்கும் துளிக் காற்றுதான் தகட்டில் மோதி, அதிலிருந்து எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடுகிறது. அவை கண்ணாடியில் பட்டால்தான் பச்சை வெளிச்சம். பழகிப் பழகியே சித்தப்பா அந்தத் துளியையும் தீர்த்திருக்கிறார். சூடு பட்டதும் கண்ணாடியில் ஒட்டியிருந்த காற்று திரும்ப வெளியே வந்திருக்கிறது.

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். “எங்க அப்பா ஜெபத்துல வந்த வெளிச்சம்லா அது!” என்று சித்தி பெருமையாகச் சொன்னாள். சித்தப்பா குனிந்தபடி சோற்றைப் பிசைந்தார்.

“அன்னைக்குச் சித்தப்பா கண்ணையே…” என்று ஆரம்பித்தேன்.

“ஏட்டி, மீனைத் தின்னு” என்று சித்தப்பா தன் தட்டிலிருந்த துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

நான் மீனுக்காகப் பேசாமலிருந்தேன். எதற்கும் வாதாடுகிற அவர், சித்தி பெருமைப்பட்டபோது எதற்காகப் பேசாமலிருந்தார் என்பது அந்த வயதில் எனக்குப் பிடிபடவில்லை.