கரண்ட் இல்லாத நாளில் ஓடிய தறி

எங்கள் குமாரபாளையத்தில் மாதத்தில் ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது. ஷட்டவுன் என்போம். ஊரிலுள்ள விசைத்தறிகள் எல்லாம் ஒரே நொடியில் நின்றுவிடும். வெளியூர்க்காரர்களுக்கு அது நிம்மதியாக இருக்கலாம். எனக்கு அப்படி இல்லை. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் நின்றால், யாரோ முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பது போலிருக்கும்.

வீட்டை ஒட்டிய கூடத்தில் நானும் என் மனைவியும் நான்கு தறி ஓட்டுகிறோம். துண்டு நெய்கிறோம். அந்த ஷட்டவுன் அன்று அவள் அறுந்த பாவு இழைகளைப் பிணைக்க உட்கார்ந்தாள். நான் எண்ணெய் விடப் போனேன். அப்போது ஒரு தறி ஓடுவது கேட்டது. எங்கோ தூரத்தில், சுவருக்குள் ஓடுவது போல. ஒரு கரகரப்பு, அதன் மேல் மெல்லிய விசில்.

முதல் தறியில் கை வைத்தேன். அசைவில்லை. இரண்டாவதற்குப் போனேன். சத்தம் அங்கே வந்திருந்தது. கடைசித் தறிக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே போய் அங்கே காத்திருந்தது.

"ஏனுங்க, என்னத்தத் தேடறீங்க?"

"ஒரு தறி ஓடுது புள்ள."

"கரண்டே இல்லீங்க. உங்க பாட்டன் வந்து ஓட்டறாராக்கும்?"

சிரித்தவள் பாதியில் சிரிப்பை நிறுத்தினாள். எழுந்து வந்து என் முதுகில் காதை வைத்தாள்.

"மூச்ச நிறுத்துங்க."

நிறுத்தினேன். தறி நின்றது. விட்டேன். ஓடியது.

அதற்கு முன்பே ஒன்று நடந்துகொண்டிருந்தது. தறியில் குறுக்கே ஓடி ஊடு நூல் போடும் நாடாவுக்குள் நூல் தீர்ந்தால், நூல் சுற்றிய புதுத் தார்க் குச்சி வைப்போம். பிறகு நாடாவின் பக்கத்திலுள்ள சின்ன ஓட்டையில் வாய் வைத்து உறிஞ்சுவோம். நூல் நுனி உள்ளிருந்து வந்து நாக்கில் ஒட்டும். நாளெல்லாம் அதே வேலை. கொஞ்ச காலமாக ஒரே உறிஞ்சலில் நூல் வரவில்லை. ஓட்டையில் அழுக்கு என்று நினைத்து ஊசியால் குத்திக்கொண்டிருந்தேன். ஓட்டை சுத்தமாகத்தான் இருந்தது.

அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வேறு தொழில் தெரியாது. மூச்சு போனால் தறி போச்சு. நான் உட்கார்ந்துவிட்டால் நான்கும் அவள் தலையில் விழும். அந்தப் பயத்தோடுதான் சேலத்துக்கு ஒரு நெஞ்சு டாக்டரிடம் போனோம்.

பரிசோதனை அறையில் ஒரு பெண் என் மூக்கில் கிளிப் மாட்டினாள். "அண்ணா, நல்லா மூச்சு இழுத்துட்டு, இந்தக் குழாய்ல வேகமா ஊதுங்க."

குழாய் உதட்டில் பட்டது. உறிஞ்சினேன்.

"உறிஞ்சாதீங்கண்ணா, ஊதுங்க."

மறுபடியும் உறிஞ்சினேன். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"அவர ஏம்மா திட்டற? நாடா உறிஞ்சியே பழகுன வாய் சாமி அது" என்றாள் என் மனைவி. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். குழாயை வாய்க்குள் நன்றாகத் தள்ளி, பல்லால் கடிக்கச் சொன்ன பிறகுதான் ஊத முடிந்தது.

டாக்டர் மேசைமேல் ஒரு நுரையீரல் பொம்மை இருந்தது. இடது பக்கம் சிறியது. இதயத்துக்கு இடம் விட்டிருக்கிறது என்றார். மூச்சுக்குழல் கீழே போய் இரண்டாகப் பிரிந்து, பிறகு கிளை கிளையாகப் பிரிந்து, தலைகீழாக நட்ட மரம் போலிருந்தது. நுனியில் திராட்சைக் கொத்தாகக் காற்றுப் பைகள். அங்கேதான் காற்று ரத்தத்தில் சேருமாம். குழலுக்குள் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் ராத்திரி பகலாகத் தூசியை மேலே பெருக்கித் தள்ளுமாம். பஞ்சுத் தூசி அளவுக்கு மிஞ்சிப் போனதால் என் சின்னக் குழல்கள் வீங்கிச் சுருங்கிவிட்டன. காற்று அந்த இடுக்கில் வெளியேறும்போது விசில் வருகிறது.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடாமலே இருந்தது. நுரையீரல் தானாகக் காற்றை இழுப்பதில்லையாம். அதற்கு அடியில் குடை போல ஒரு தசை இருக்கிறது. அது கீழே இறங்கும். காற்று உள்ளே வந்துவிடும். நாம் தூங்கினாலும் இறங்கும். இத்தனை வருஷம் நூலை நான்தான் இழுத்தேன் என்று நினைத்திருந்தேன். எனக்குள் நான் பார்க்காத ஒன்று இழுத்திருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போது வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டே வந்தேன். அது இறங்கி ஏறியது. நிறுத்திப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பொறுத்தது. பிறகு என்னைக் கேட்காமல் இறங்கியது.

உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள். அதில் எனக்குத் தவறே வரவில்லை. மூக்கில் துணி கட்டினேன். நூலை இழுக்க மெல்லிய கம்பியை வளைத்துக் கொக்கி செய்தேன். அவளுக்கும் ஒன்று செய்து கொடுத்தேன்.

"இதுல மாட்டி இழுக்கறதுக்குள்ள அடுத்த தார் தீந்துரும். நீங்க வெச்சுக்குங்க" என்று அதைத் தறிச் சட்டத்தில் செருகிவிட்டு, நாடாவில் வாய் வைத்தாள்.

அடுத்த ஷட்டவுன் வந்தது. தறிகள் நின்றன. நான் பயந்துகொண்டே காது கொடுத்தேன். என் நெஞ்சு அமைதியாக இருந்தது. சந்தோஷத்தில் அவளைக் கூப்பிட வாயெடுத்தேன்.

எங்கோ ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அது நிற்கவில்லை. அவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து இழை பிணைத்துக்கொண்டிருந்தாள். செருகி வைத்த கொக்கியை எடுத்துக்கொண்டு அவளிடம் நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் சத்தம் கூடியது.