நினைவிடத்தில் இருப்பவர் யார்?

ராஜகீழ்ப்பாக்கத்தில் கவிஞர் ஒருவர் பிறந்து வளர்ந்த வீட்டை 1986-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கவிஞரின் தாத்தா நெல் விற்றுக் கட்டிய வீடு அது. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் எட்டுத் தேக்குத் தூண்கள், உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ், பின்கட்டில் ஓடு வேய்ந்த சமையலறை. பாகப்பிரிவினையில் முற்றத்தின் குறுக்கே சுவர் எழும்பியது. கவிஞரின் சித்தப்பா தம் பாதியை இடித்து அரிசி மில் வைத்தார். இலக்கியத்துக்கு நான்கு தூண்கள் மிஞ்சின.

அரசாங்கம் இரண்டு காரியங்கள் செய்தது. முற்றத்தில் சிலைக்காக ஆறடி நீளத்துக்கு ஒரு சிமெண்ட் மேடை கட்டியது, சிலை வரவில்லை. வாசலில் 'நினைவு இல்லம்' என்று பலகை வைக்கச் சொன்னது. பெயிண்டருக்கு இடம் போதவில்லை. 'நினைவிடம்' என்று சுருக்கி எழுதிவிட்டுப் போனார். நினைவிடம் என்றால் தமிழ்நாட்டில் ஒரே அர்த்தம்தான்: ஆள் உள்ளே இருக்கிறார்.

அந்த வீட்டுக்கு வாட்ச்மேனாக வந்தவர் சவுரிமுத்து. பின்கட்டு அறையில் மனைவி அருள்மேரியோடு குடியிருக்கலாம் என்பதுதான் அந்த வேலையின் சுகம். அந்த அறைக்கு முற்றத்தைக் கடந்து போக வேண்டும் என்பது அதன் துக்கம். பலகையைப் படித்தார், மேடையைப் பார்த்தார். அன்று முதல் வீட்டுக்கு வெளியே சந்து வழியாகச் சுற்றித்தான் பின்கட்டுக்குப் போவார். யாராவது வீடு பார்க்க வந்தால் வாசலில் நின்றபடியே கையைக் காட்டுவார். வெயில் தாழ்ந்ததும் உத்தரம் 'டொக்' என்று நெட்டி முறிக்கும். "கவிஞரு கனைக்கிறாரு" என்று மனைவியிடம் கிசுகிசுப்பார்.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. கல்லறைத் திருநாள் வந்தது. மழை சற்று விட்டிருந்த நேரம், சவுரிமுத்து தூண் ஓரமாக நின்று கையை மட்டும் நீட்டி, மேடையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றி, சாமந்தி வைத்தார். அப்போதுதான் கவிஞரின் மகள் சுந்தரவல்லி வீட்டைப் பார்க்க வந்து நின்றார்.

"இது யாருக்குப்பா?"

"ஐயாவுக்குத்தாம்மா. இன்னிக்கு கல்லறத் திருநாளாச்சே."

"எங்கப்பா இங்க இல்லையே. குரோம்பேட்டை சுடுகாட்டுல எரிச்சு, சாம்பலைக் கடல்ல கரைச்சாச்சு. நானும் கூடப் போயிருந்தேன்."

சவுரிமுத்து மேடைப் பக்கமிருந்து கையை இழுத்துக்கொண்டார். "அப்ப இதுக்குள்ள யாரும்மா கீறது?"

"யாரும் இல்ல. சிலை வைக்கிற மேடைப்பா அது."

"சில எங்கம்மா?"

அது அரசாங்கத்துக்கே தெரியாது. சுந்தரவல்லி குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இத்தனை நாள் பயத்துக்கு ஒரு பேர், ஊர் இருந்தது. கவிஞர் எழுந்து வந்தாலும் மிஞ்சிப்போனால் ஒரு வெண்பா சொல்வார். இப்போது உள்ளே இருப்பது எவரோ. சவுரிமுத்து சந்து வழியே ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்தார்.

"கெளம்பு மேரி. பொழிச்சலூர்ல அண்ணன் வூட்டுக்குப் போயிடலாம்."

அருள்மேரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அங்க ஒரே ரூம்ல எட்டு பேரு படுத்துகினு கீறாங்க. இங்க ஒருத்தருதான், அதுவும் பொரளாம கீறாரு. நான் வரல. நீ வோணா போய்யா."

போய்விட்டார். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தாம்பரம் பஸ் வந்தது. ஏறுவதற்குக் காலைத் தூக்கியவருக்கு, அந்த எவரோ ஒருவரோடு அருள்மேரி தனியாக இருக்கிறாள் என்பது உறைத்தது. பஸ் போயிற்று. அவர் திரும்பி நடந்தார்.

அதற்குள் சந்தில் ஊர் ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்தது வாசல் ஒன்றுதான். உள்ளே நுழைந்து முதல் தூணைக் கட்டிக்கொண்டார். மெழுகுவத்தி அணைந்து கிடந்தது. மேடைமேல் மழை விழும் சத்தம், உள்ளிருந்து யாரோ தட்டுவது போலவே இருந்தது. பல் கிட்டிக்க, கண்ணை மூடி, பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தார்.

"சார், யாராயிருந்தாலும் சரி சார், நான் வாட்ச்மேன். இப்டிக்கா போயிக்கிறேன் சார். சம்சாரம் உள்ள கீது."

யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பின்கட்டுக் கதவில் முட்டி நின்றார். அருள்மேரி திறந்தாள்.

"இன்னாத்துக்கு வந்த?"

அவர் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கினார். "பொட்டி நனையுதுல்ல" என்றார்.