நேர்ச்சைக் கறியும் நின்றுபோன கரண்டும்

ஆறாம் வகுப்போடு நிறுத்தியவள் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள் நான். தாளிடம் அவ்வளவு கூச்சம் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவில், பாலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்தில் ஐஸ் பெட்டி எங்கள் வீட்டில் மட்டும்தான். லாரி ஓட்டிய என் கணவர் யாரிடமோ பழையதாக வாங்கி வந்தது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு எட்டு வருடம் கழித்துப் பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்தன்று, தான் வளர்த்த கிடாயை அடித்து லயம் முழுவதற்கும் விருந்து போடுவதாக மாதாவுக்கு நேர்ந்திருந்தார். ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை. கறி வெட்டுகிறவருக்கு வெள்ளிக்கிழமைதான் தோதுப்பட்டது. கறியை எங்கள் பெட்டியில் வைத்தோம். அன்று மதியமே மழையில் கரண்டு போய்விட்டது.

பெட்டியின் முனகல் நின்றதும் வீடே தண்ணீருக்கடியில் இறங்கியது போலிருந்தது. ரப்பர் மரங்களின் பச்சை வெளிச்சம் அந்த வெள்ளைக் கதவின் மேல் மெல்ல அசைந்தது. "கதவத் தொறக்காத, குளிரு கொஞ்சம் தாங்கும்" என்று சொல்லிவிட்டுக் கணவர் போனார்.

அக்கா ஜெபமாலையோடு பெட்டியின் முன் முழங்காலிட்டார். மாலையில் பத்து மணிகள் உருட்டி முடிக்கும்போதெல்லாம் கதவைத் திறந்து, கறியின் மேல் சிலுவை வரைவார். குளிர் வெண்புகையாக இறங்கி அவர் மடியில் கரையும். எனக்கு அது கனவில் பார்ப்பது போல அழகாக இருந்தது. திறக்காதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஜெபம் செய்கிறவரிடம் எப்படிச் சொல்வது?

மறுநாளும் கரண்டு வரவில்லை. அக்காவும் ஜெபத்தை விடவில்லை. பிற்பகலில் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி குடையோடு ஓடி வந்தார்.

"ஆறு ஏறுது! எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கலா!"

கணவரின் லாரியில் அக்கா, கறியை அள்ளிப் போட்ட பானையை மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளை என் மடியில்.

"பிள்ளைய விட்டுட்டுக் கறியக் கட்டிப் பிடிச்சிருக்கீங்களேக்கா" என்றார் என் கணவர்.

"பிள்ளைய மாதா பாத்துக்குவா. கறிய யாரு பாப்பா?"

பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டி மூடியைத் திறந்தபோது புளித்த வாடை வந்தது. கறி விரலில் வழுவழுத்தது. சுற்றி நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"மஞ்சள் போட்டு நல்லா கொதிக்க வெச்சா சரியாப் போயிடும்லா" என்றார் அக்கா.

வராந்தா முழுக்க, பசியோடு சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை.

"வேணாங்க்கா. கெட்டுப்போச்சு."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"மாதாவுக்கு நேந்தது. அது கெட்டுப்போகுமா?"

"அத்தன தடவ பெட்டியத் தொறந்தீங்க. குளிரெல்லாம் போயிருச்சு. நான் அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லல. தப்பு என்னோடதுதான்."

அக்கா பானையை மூடினார். அப்புறம் எழுந்து மண்வெட்டி கேட்டார். பள்ளிக்குப் பின்னால், மழைத் தூறலில், இருவரும் குழி தோண்டிக் கறியைப் புதைத்தோம்.

மறுநாள் ஞாயிறு. பாலம் மூழ்கிக் கிடந்ததால் ஞானஸ்நானத்துக்குப் பாதிரியார் வரவில்லை. பள்ளியில் சோறும் பொரித்த நெத்திலியும் கொடுத்தார்கள். அக்கா எனக்கும் ஒரு தட்டு வாங்கி வந்து வைத்தார். யாருக்கும் வயிறு கெடவில்லை.