சிவப்புக் காப்புப் போட்ட முள்ளெலி

யாழ்ப்பாணத்துக் குருநகர் மீனவரிடம் கடல் முள்ளெலிக்கு, உடம்பெல்லாம் முள்ளான அந்த உருண்டைப் பிராணிக்கு, மரியாதை கிடையாது. காலில் முள் ஏறினால் நாலு நாள் நொண்ட வேண்டும். வலையில் சிக்கினால் கழற்றுவது பெரும்பாடு. அதனால் தடியால் ஒரு போடு போட்டு, நொறுக்கி, வலையை உதறிவிடுவார்கள். செல்வரட்ணமும் மீசை முளைத்த நாளிலிருந்து அதைத்தான் செய்துவந்தார். அப்பேர்ப்பட்டவரின் மகள் லவீனா, பல்கலைக்கழகத்தில் முள்ளெலியை ஆராயப்போகிறேன் என்று வந்து நின்றபோது ஊரே சிரித்தது.

அவளுடைய கேள்வி சின்னதுதான். பகலில் கல்லிடுக்கில் பதுங்கிக் கிடந்து, இரவில் பாசி மேயப் போகும் முள்ளெலி, விடிந்ததும் பழைய இடுக்குக்கே திரும்புகிறதா, அல்லது கண்ட இடத்தில் ஒதுங்குகிறதா? இதைக் கண்டுபிடிக்க மின்வயரின் தோலைத் துண்டு துண்டாக நறுக்கி, முட்களில் காப்புப்போல மாட்டிவிட்டாள். கல்லுக்கு ஒரு நிறம். கையெல்லாம் குத்து வாங்கிக்கொண்டு மாதக்கணக்காக மூழ்கி மூழ்கிப் பார்த்தாள். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டால் ஆய்வு முடிந்தது. அது கெட்டால் எல்லாம் முதலிலிருந்து.

அதற்காக அவள் புறப்பட்ட காலையில், செல்வரட்ணம் ஒரு பிளாஸ்டிக் பேசினைத் தூக்கிக்கொண்டு வாசல் படலைக்குள் நுழைந்தார். முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

“உன்ரை ஆக்கள், பிள்ளை. வழி தவறி என்ரை வலைக்குள்ளை வந்திட்டுதுகள். ஒண்டும் சாகேல்லை.”

பேசினில் நிறைந்த கடல்நீருக்குள் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் காப்புகள் அசைந்தன. லவீனாவுக்குத் தலை சுற்றியது. தாங்களாகத் திரும்புகின்றனவா என்று பார்க்க விட்டவற்றை, மனுசன் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“ஏன் அப்பா உதுகளைக் கொண்டு வந்தனீங்கள்? அங்கையே விட்டிருக்கலாமெல்லே.”

“உனக்குத் தேவையான சாமான் எண்டு நினைச்சன். வலையை அறுத்தெல்லோ எடுத்தனான்.”

ஏச வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். அவர் தோளில் கிடந்த புது வலை ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. ஒரு நூல் அறுந்தாலே வீட்டை இரண்டாக்குகிறவர் அவர். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

“அழுறதைப் பிறகு அழலாம். எனக்கு மீன் கழுவப் பேசின் வேணும்” என்றார் தாய் அருமைநாயகி.

அதுவும் நியாயம்தான். இரண்டு பேரும் பேசினோடு படகில் ஏறினார்கள். கற்களுக்குக் கிட்டப் போனபோதுதான் லவீனாவுக்கு அது தோன்றியது. தானாகப் போன முள்ளெலி திரும்பலாம். தூக்கிக்கொண்டு போய் ஊர் காட்டிய முள்ளெலிக்கு வழி தெரியுமா?

“வலை போட்ட இடத்திலையே விடுவம், அப்பா.”

அன்று மாலை அவளுடைய பேராசிரியை குணலட்சுமி தொலைபேசியில் கதை முழுவதையும் கேட்டார். “பழைய கணக்கு நேற்றோடை நிக்கட்டும். இதைத் தனிக் கேள்வியாய்ப் பாருங்கோ” என்றார். குரலில் சிரிப்பு இருந்தது.

மறுநாள் விடிந்ததும் லவீனா மூழ்கினாள். மேலே வந்தபோது செல்வரட்ணம் படகிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்.

“வந்திட்டுதுகளோ?”

“சிவப்பு மட்டும் தன்ரை கல்லுக்குக் கீழை இருக்குது.”

“மற்றதுகளும் வரும். நடக்கிறதுகள்தானே, நேரம் எடுக்கும்.”

சில வந்தன, சில வரவேயில்லை. இரண்டையும் சேர்த்தே அவள் ஆய்வில் எழுதினாள், பட்டமும் கிடைத்தது. ஆனால் அன்றிலிருந்து தொடங்கிய விடியற்காலைத் தொலைபேசி அழைப்பு மட்டும் இன்னும் நிற்கவில்லை. கடலிலிருந்து செல்வரட்ணம் மெல்லிய குரலில் சொல்வார்:

“பச்சை ஒண்டு வலைக்குப் பக்கத்தாலை போகுது, பிள்ளை. நான் தொடேல்லை.”