ஆறாம் பக்கத்தை வாசித்தவர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை டெக்சாஸின் ரவுண்ட் ராக்கில் நம் தமிழ் நண்பர் வட்டத்தின் செயற்குழு அவசரமாகக் கூடி, நீண்ட விவாதத்துக்குப் பின், இரங்கல் கூட்டத்தில் சமோசா வேண்டாம், பிஸ்கட்டும் தேநீரும் போதும் என்று ஒருமனதாக முடிவெடுத்தது. சமோசாவின் பக்கம் இருவர் நின்றதாகவும், துக்கத்தின் தன்மையை எடுத்துச் சொன்னதும் அவர்கள் விட்டுக்கொடுத்ததாகவும் அறிகிறேன். இந்த முடிவு வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் மளிகைக் கடை வரிசையில் நின்றிருந்தேன். யாருக்கான இரங்கல் என்று அதில் இல்லை. கேட்டேன். செயலாளர் பதில் போட்டார்: "நேசன் அங்கிள். காலைல சர்ச்சுக்குக் கிளம்பி கார்ல ஏறும்போது. ஹார்ட். நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, நினைவு மலர்ல போட்டுடலாம்."

உங்களில் பலருக்கு ஜெபநேசன் அங்கிளைக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவராகத் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர். லேன் மாறும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்காதவர்களை அடுத்த எக்ஸிட்டில் நிறுத்தச் சொல்லி, மீதித் தூரத்தைத் தானே ஓட்டி வருவார். திட்டமாட்டார். அவர் என்ன வேலை செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நானும் அதே நிறுவனத்தில் இருந்தேன்.

வசதி உள்ளவர்களைச் சில நிமிடங்கள் விண்வெளிக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவருவது அந்த நிறுவனத்தின் தொழில். திரும்பக் கொண்டுவருவது பற்றி விளம்பரக் கையேட்டின் கடைசிப் பத்தியில் இருக்கும். அந்தக் கையேட்டை எழுதியவன் நான். அதன் தாள் பளபளப்பானது. நேசன் அங்கிள் பயணிகளிடம் கையெழுத்து வாங்கும் தாள் சாதாரண வெள்ளைத் தாள். இந்த வாகனம் பாதுகாப்பானது என்று அரசாங்கம் சான்றளிக்கவில்லை, இதில் நீங்கள் இறக்கலாம் என்பதைப் பயணியிடம் எழுத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்றுதான் நிறுவனம் நினைத்தது. அங்கிள் எட்டுப் பக்கத்தையும் வாய்விட்டு வாசித்தார். அந்த அறையில் ஒரே ஒரு பேனாதான் இருக்கும். அது அவர் சட்டைப்பையில் இருக்கும். எட்டாம் பக்கம் முடிந்த பிறகே அது வெளியே வரும்.

"வெருட்டுறீங்கள் எண்டு மேனேஜர் சொல்லுறார் தம்பி," என்றார் ஒருமுறை. "நான் வெருட்டேல்லை. தெரியப்படுத்துறன்."

தெரியப்படுத்தியதன் பலனை நான் சுவரோரம் கேமராவோடு நின்று பார்த்திருக்கிறேன். தீ விபத்து பற்றிய பக்கம் முடிந்ததும், விண்வெளி உடையை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று ஒருவர் கேட்டார். காற்றழுத்தம் இழப்பது பற்றிய பக்கத்தில் இன்னொருவர் தூங்கினார். அங்கிள் அவரை எழுப்பி, அந்தப் பக்கத்தை முதலிலிருந்து வாசித்தார்.

"எல்லாரும் ஜன்னலைப் பற்றித்தான் கேட்கினம். கதவைப் பற்றி ஒருத்தரும் கேட்கேல்லை," என்பார். "ஒரே ஒரு ஆள் எழும்பிப் போனால் போதும். நான் இங்க இருந்ததுக்கு ஒரு காரணம் இருக்கும்."

பிறகு ஆளில்லாத சோதனைப் பயணம் ஒன்றில் என்ஜின் பாதியில் நின்றது. பயணிகள் உட்காரும் கூண்டு மட்டும் தனியே பிரிந்து இறங்கியது. மூன்று பாராசூட்களில் ஒன்று விரியவில்லை. 'பாதுகாப்பு ஏற்பாடுகள் தங்கள் கடமையைச் செய்தன' என்று அறிக்கை வெளியானது. எழுதியது நான்தான். பயணங்கள் பல மாதம் நின்றன. மீண்டும் தொடங்கியபோது அங்கிள் ஆறாம் பக்கத்தில் நான்கு வரி சேர்த்திருந்தார். ஒரு பாராசூட் விரியவில்லை, காரணம் இன்னும் உறுதியாகத் தெரியவில்லை, மறுபடியும் நடக்கலாம், நடந்தால் முதுகெலும்பு தாங்காமல் போகலாம். இவ்வளவுதான். எடுக்கச் சொன்னார்கள். எடுத்தால் நான் வாசிக்க மாட்டேன் என்றார். அவரைப் போல எட்டுப் பக்கம் வாசிக்கப் பொறுமையுள்ள வேறு ஆள் கிடைக்காததால் வரிகள் தப்பின.

டாக்டர் வித்யாவை நீங்கள் அறிவீர்கள். கலிஃபோர்னியாவின் டப்ளினில் இருந்தாலும் முன்பு நம் வட்டத்தில் இருந்தவர். அவர் பயணச்சீட்டு வாங்கியதும் வட்டம் பொன்னாடை வாங்கியது. 'விண் தொட்ட நம் வித்யா' என்று பேனரும் அடித்தாயிற்று. தொடுவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

கையெழுத்து நாளன்று அங்கிள் முதல் பக்கத்தைத் தொடங்கியதும் வித்யா சிரித்தார். "அங்கிள், நான் அனஸ்தீசியா டாக்டர். டெய்லி இதே மாதிரி ஃபார்ம்ல நானும் சைன் வாங்கறேன். ஒரு பேஷண்ட்கூட படிச்சதில்ல. படிச்சா பயந்துடுவாங்கன்னு நாங்களே கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் குடுத்துடுவோம்."

"அவை நோயாளியள், பிள்ளை. அவைக்கு வேற வழியில்லை. உங்களுக்கு இருக்கு."

அவர் கணவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அங்கிள் ஐந்து பக்கங்களை வாசித்தார். ஆறாம் பக்கத்தில் நிறுத்தி, தாளை வித்யாவின் பக்கம் திருப்பினார். அவர் வாசிக்காமல் நிறுத்தி நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"இதை மட்டும் நீங்கள் வாசியுங்கோ பிள்ளை. என்ர குரலில கேட்டால் உங்களுக்குப் பிரார்த்தனை மாதிரி இருக்கும்."

வித்யா வாசித்தார். நன்றாக, நிறுத்தி, நான்கு வரிகளையும். கணவரைப் பார்த்தார். "பாராசூட்டாம்பா," என்றார். கணவர் செல்போனைத் தாழ்த்தினார். அங்கிளின் கை சட்டைப்பைக்குப் போகவில்லை. அவர் காத்திருந்தார். ஒருவேளை அவர் கேட்டிருந்த அந்த ஒரே ஒரு ஆள் எழுந்து போகும் நேரமாக அது இருந்திருக்கலாம்.

எனக்கு வெளியே வெளிச்சம் போவதற்குள் புகைப்படம் எடுக்க வேண்டியிருந்தது. பேனரும் தயாராக இருந்தது. "பயமா இருந்தா இன்னொரு நாள் பாத்துக்கலாம் டாக்டர்," என்றேன், சிரித்துக்கொண்டே.

"பயமா? எனக்கா?" என்றார் வித்யா. "பேனா இருக்கா?"

என்னிடம் இருந்தது. கொடுத்தேன். ஏழாம் எட்டாம் பக்கங்களை அங்கிள் கையெழுத்துக்குப் பிறகு வாசித்தார்.

பயணத்தன்று ரவுண்ட் ராக்கில் திரை கட்டிப் பார்த்ததாகச் சொன்னீர்கள். நான் ஏவுதளத்தில் இருந்தேன். என்ஜின் நின்றது, கூண்டு பிரிந்தது, இரண்டு பாராசூட்கள் விரிந்தன. தரை அது இருக்கும் இடத்தில்தான் இருந்தது. 'பயணிகள் அனைவரும் உயிருடன் தரையிறங்கினர்' என்று எழுதினேன். அதில் பிழை இல்லை. வித்யாவின் கழுத்தெலும்பு நொறுங்கியிருந்தது. இப்போது நடக்கிறார். விரல்களுக்கு உணர்ச்சி வரவில்லை. ஊசியைப் பிடிக்க முடியாததால் தொழிலை விட்டுவிட்டார். பேனர் செயலாளர் வீட்டு கராஜில் இருக்கிறது.

கணவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனம் தன் தரப்புச் சாட்சியாக நேசன் அங்கிளை அழைத்தது. ஆறாம் பக்கத்தில் அந்த நான்கு வரிகளை எழுதியது யார் என்று வழக்கறிஞர் கேட்டார். நான் என்றார். அந்தப் பெண்மணிக்கு அவை தெரியுமா? தெரியும், அவரே வாசித்தார் என்றார். கணவர் எடுத்த வீடியோவும் அதையே சொன்னது. இவ்வளவு தெளிவாக எச்சரிக்கப்பட்ட ஒருவர் குறைசொல்ல இடமில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. பேனா யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அங்கிளும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் நிறுவனத்தின் வழக்கறிஞர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, அந்தப் பக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது என்றார். வாசலில் வருகைப் பதிவேட்டில் நேரம் எழுத வேண்டியிருந்தது. அங்கிளின் சட்டைப்பையில் பேனா இருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "உங்கட பேனையைத் தாங்கோ தம்பி. அது கெதியா, அவசரமா எழுதும்."

அதற்கு மேல் அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. காரில் வெகுதூரம் வந்தபிறகு, எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல், "ஆக்களைக் காப்பாத்த எண்டு எழுதினனான். கம்பனியைக் காப்பாத்தியிட்டுது," என்றார். அடுத்த வாரம் வேலையை விட்டார். அதன்பிறகுதான் உங்களுக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சட்டைப்பையில் பேனா வைத்துக்கொள்வதை நிறுத்தினார். வங்கியில் அவர் கவுண்டர் பேனாவைக் கேட்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இத்தகைய கட்டுரையின் முடிவில் மறைந்தவரிடமிருந்து பெற்றதைச் சொல்ல வேண்டும். அவர் பேனாவை அவர் மகள் சவப்பெட்டியில் வைத்துவிட்டார். என்னிடம் இருப்பது என் பேனாதான். அது இன்னும் நன்றாக எழுதுகிறது. இதையும் அதில்தான் எழுதினேன். அவர் சொன்னவற்றில் மனதில் நிற்பது தெரியப்படுத்துவது பற்றியது. அதை நான் எங்கும் கடைப்பிடிக்கவில்லை.

ஆறாம் பக்கத்தை நிறுவனம் அப்படியே வைத்திருக்கிறது. படிவம் இப்போது கணினித் திரையில் வருகிறது. முதல் பக்கத்திலேயே, கடைசிப் பக்கத்துக்கு நேராகப் போக ஒரு பொத்தான் இருக்கிறது.